முக்கால் மில்லிமீட்டர்

என் அருமை மகள் குண்டூசிக்கு,

எட்டுத் திசையும் கிடுகிடுக்க லேத் ஓட்டிய உன் சித்தப்பன் எழுதுவது. இங்கே நான் நலம், உன் அம்மா நலம், லேத்தும் நலம். இந்த மூவரில் என்னோடு பேச்சுவார்த்தை வைத்திருப்பது லேத் ஒன்றுதான். அங்கே நீ நலமாக இருக்கிறாய் என்று எழுதப் பேனா போகவில்லை, நலமாக இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதி அடுத்த வரிக்கு நகர்கிறேன். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று மைக்ரோமீட்டர் மேல் வலது கையை வைத்துச் சத்தியம் செய்கிறேன். உங்கள் ஊர் விசாரணை அதிகாரி ஏற்கெனவே நம்பவில்லை. உன் அம்மா நம்பவில்லை. நீயும் நம்பவில்லை என்பதை, நீ போனை வைத்த வேகத்திலேயே தெரிந்துகொண்டேன். ஆகவே நம்பாதவர்கள் முன்னிலையில் கதை சொல்வது எனக்குப் புதிதல்ல, கேள்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அம்மாவின் இடுப்பெலும்பில் வைத்த தகடு நன்றாகப் பொருந்திவிட்டதாம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், நான்கு திருகில் மூன்றாவது திருகு அரைச் சுற்று குறைவாக முடுக்கியிருக்கிறது, அதைச் சொன்னேன், டாக்டர் என்னை வெளியே போய் உட்காரச் சொன்னார். இப்போது உன் அம்மா நடைச் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு படுக்கையறையிலிருந்து சமையலறை வரை வருகிறார். எந்தத் தளபதியும் எந்தக் கோட்டைக்குள்ளும் இத்தனை கர்வத்தோடு நுழைந்திருக்கமாட்டான். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. சோப்பு தீர்ந்தால் மருந்துச் சீட்டின் பின்பக்கம் சோப்பு என்று எழுதி என் மூக்குக்கண்ணாடிக்கு அடியில் வைத்துவிடுகிறார். நேற்று பல்பு வேண்டும் என்று எழுதியிருந்தார், அதற்குக் கீழே ஒரு புள்ளி வைத்து அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தார். புள்ளி எதைக் குறிக்கிறது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, கேட்கவும் தேவையில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று டாக்டர் பிள்ளைகள் யாரும் இல்லையா என்று கேட்டார். "ஒரே பொண்ணு, டாக்டர். அவளால வர முடியாது. அவ சித்தப்பா ஒரு ஓட்டை போட்டுட்டாரு" என்றார் உன் அம்மா. டாக்டர் பாவம், எக்ஸ்ரேயை எடுத்து எலும்பில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று ஐந்து நிமிடம் தேடினார். கடைசியில் சம்மதப் பத்திரத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். உறவு என்ற இடத்தில் கொழுந்தன் என்று எழுதும்போது அண்ணி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். உன் அப்பா போன பிறகு இருபத்து மூன்று வருடம் ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம், அந்த முதுகை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

இனி பீரங்கிப் படலம். நீ வெளிநாடு கிளம்புவதற்கு முந்தைய மாதம், மியூசியம் வாசலில் இருக்கும் அந்தப் பழைய பீரங்கியை நாம் இருவரும் டேப்பும் நூலும் வைத்து அளந்தோமே, நீ வாய்ப் பக்கம், நான் வால் பக்கம். காவலாளி வந்து என்ன செய்கிறீர்கள் என்று அதட்டினான். மழைக்கு நனைகிறது, சட்டை தைக்க அளவெடுக்கிறோம், கை முழுக்கையா அரைக்கையா என்றுதான் யோசனை என்றேன். நீ சிரித்த சிரிப்பில் நூல் கைநழுவி முதலிலிருந்து அளக்க வேண்டியதாயிற்று. உன் வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் நாற்பத்தொரு அளவு, எல்லாம் உன் கையெழுத்து. பத்து வருடம் அந்த நோட்டு லேத் மேல் பலகையில் எண்ணெய் குடித்துக்கொண்டு கிடந்தது. போன வருடத்துக்கு முந்தைய வருடம் நீ போன் செய்து, அந்தப் பீரங்கியை எட்டில் ஒரு பங்காகச் செய்து தர முடியுமா சித்தப்பா என்று கேட்டாயே, அன்றைக்கு நான் வீட்டுக்குள் நடந்து போகவில்லை, தரையிலிருந்து அரையடி உயரத்தில் மிதந்து போனேன், உன் அம்மா சாட்சி. நீ ஒரே ஒரு நிபந்தனை போட்டாய். "மேல திரி வைக்கிற துளை மட்டும் வேண்டாம் சித்தப்பா. சும்மா ஒரு சின்னப் பள்ளம் போதும். துளை உள்ள வரைக்கும் போயிட்டா இங்க அது பொம்மை இல்லை, ஆயுதம்." சரி என்றேன். மூன்று தடவை சரி என்றேன்.

பதினான்கு மாதம். சமையலறைக்குப் பின்னால் ஏழடிக்கு ஒன்பதடி அறையில், துவைக்கும் இயந்திரத்துக்கும் லேத்துக்கும் நடுவில் பக்கவாட்டில் நின்றுகொண்டு பதினான்கு மாதம். லேத் ஓடினால் அந்தப் பக்கம் அலமாரியில் தட்டுகள் ஆட ஆரம்பிக்கும், ஒருநாள் ஒரு குழம்புச் சட்டி தானாகவே நடந்து வந்து அடுப்பில் ஏறி உட்கார்ந்தது. கடைந்து எடுத்த வெண்கலச் சுருளைப் பிரித்து நீட்டினால் நீ இருக்கும் ஊருக்கு வந்து உன் வீட்டு வாசல்மணியை அடிக்கும், மிச்சத்தில் உன் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு வேலி போடலாம். முதல் குழாயில் உள்துளை ஆழம் போகப் போகக் கால் மில்லி ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டது. அந்தக் குழாயை உன் அம்மா சன்னல் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார். இரண்டாவது குழாயில் கடைசி வளையம் கடைந்துகொண்டிருக்கும்போது கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள், திரும்பிப் பார்த்தேன், டூல் வளையத்தைக் கடித்துக் குதறிவிட்டது. மூன்றாவது குழாய்தான் நீ பார்த்தது. முப்பது சென்டிமீட்டர் நீளம், வாய் பன்னிரண்டு மில்லி, மூன்று இடத்தில் மூன்று விதமான சரிவு, இரண்டு பக்கமும் வண்டியில் உட்காரும் தோள் முளைகள். சக்கரத்துக்குப் பதினான்கு ஆரக்கால், இரண்டு சக்கரத்துக்கு இருபத்தெட்டு, நான் செய்தது எண்பது, ஏனென்றால் மற்ற ஐம்பத்திரண்டும் என்னைப் பார்த்துச் சிரித்தன. மேலே நீ சொன்ன இடத்தில் நீ சொன்ன மாதிரி இரண்டு மில்லிப் பள்ளம். கையில் எடுத்துப் பார்த்தபோது என்னைச் சுற்றி நான்கு ஊதுகொம்பு ஊதினது மாதிரி இருந்தது, பார்த்தால் துவைக்கும் இயந்திரம் முடிந்துவிட்டது என்று கூவிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பள்ளம் எப்படித் துளை ஆனது என்பதுதான் யாரும் நம்பாத பகுதி. நீ அனுப்பிய படிவம் வருவதற்கு முந்தின வாரம், நம் தெருமுனையில் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்கிறாரே, அவர் பள்ளத்தின் விளிம்பைச் சுத்தம் செய்ய துளை போடுகிற முக்கால் மில்லி பிட் ஒன்றைக் கொண்டுவந்தார். உனக்கு அவரைத் தெரியும், உன் முதல் கடிகாரத்தின் முள்ளைத் தொலைத்துவிட்டு அதற்கு மூன்று மாதம் சாக்குச் சொன்னவர். பிட்டை மாட்டிவிட்டு நான் கைப்பிடியில் கை வைத்திருந்தேன், அவர் தும்மினார். சாதாரணத் தும்மல் இல்லை, அவர் தும்மினால் தெருவில் நிற்கும் ஸ்கூட்டர்கள் எல்லாம் வரிசையாகச் சரியும், மாடியில் காயும் துணி பக்கத்து மாடிக்குக் குடிபோகும். என் கை இறங்கியது, பிட் பன்னிரண்டே முக்கால் மில்லி வெண்கலத்தை வெண்ணெயைப் போல் துளைத்துக்கொண்டு போய் உள்துளையில் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தது. மேலே ஒரு தூசு ஒட்டியிருந்ததால் நான் கவனிக்கவில்லை. அடுத்த வாரம் உன் படிவம் வந்தது, கவனிக்காமலேயே கையெழுத்துப் போட்டேன், மரப்பெட்டியில் வைத்து ஆணியடித்து அனுப்பிவிட்டேன். இதைத்தான் உன் அம்மாவிடம் சொன்னேன், இதைத்தான் உன்னிடம் போனில் சொன்னேன். கடிகாரக்காரர் மட்டும் இதைக் கேட்டுவிட்டு, "பிட்டைத்தான் கொடுத்தேன் பீரங்கியாரே, மூக்கையும் சேர்த்துக் கேட்டா எப்படி" என்று சொல்லிவிட்டுக் கடையைச் சாத்திக்கொண்டார்.

அந்தப் படிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான்கு பக்கம். நீ போய்ப் பன்னிரண்டு வருடம், கடைசியாக வந்து ஆறு வருடம், அந்த ஆறு வருடத்தில் நீ எனக்கு அனுப்பிய எழுத்திலேயே நீளமானது அதுதான். இரண்டாம் பக்கத்தில் செய்தவர் உறுதிமொழி, இதில் திரித் துளை கிடையாது, இது சுடாது என்று. அங்கே நான் கையெழுத்துப் போட்டேன், அதற்குக் கீழே தருவிப்பவர் என்று நீ கையெழுத்துப் போட்டிருந்தாய். மூன்றாம் பக்கத்தில் யாருக்கு என்ற இடத்தில் உன் பெயர் இல்லை. உன் அலுவலகத்துத் துறைத் தலைவர் பெயர் இருந்தது, பதவி இருந்தது, பக்கத்தில் அன்பளிப்பு என்றிருந்தது. பெரிய மனிதர் மேஜையில் என் பீரங்கி உட்காரப்போகிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வாய் பன்னிரண்டு மில்லி, பேனா செருகி வைக்கச் சரியாக இருக்கும், பதினான்கு மாதம் அவருடைய பேனாவுக்காகத்தான் குனிந்து நின்றேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். போனில் அவரைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இன்னும் சீக்கிரம் முடித்திருப்பேன், அவருக்கு முதல் குழாயே தாராளம்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் என் மண்டையில் ஏறுகிறது. சுங்கத்தில் ஒரு பெண் மெல்லிய கம்பியை மேலே இருந்த பள்ளத்தில் விட்டாளாம், அது வாய் வழியாக வெளியே வந்ததாம். அவ்வளவுதான், பொம்மை ஆயுதமாகிவிட்டது, நீ கையெழுத்திட்டுப் பொய் சொன்னவள் ஆகிவிட்டாய். வேலையில் நிறுத்தி வைத்தார்கள், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அந்த ஊரில் நீ இருக்கலாமா கூடாதா என்பதே இந்த மாதம் இருபதாம் தேதி விசாரணையில்தான் தெரியும் என்கிறாய். பேனாக்காரர் தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம், கெட்டிக்காரர், மேஜை காலியாகத்தான் இருக்கிறது அல்லவா. உன் அம்மா குளியலறையில் விழுந்த அன்று உனக்கு விமானம் ஏற வழியில்லை. இதற்கு நடுவில் விசாரணை அலுவலகம் செய்தவரின் விளக்கம் கேட்டு எழுதியது. நான் என்ன செய்தேன்? உன் சித்தப்பன் அல்லவா. அது வார்ப்பிலேயே இருந்த காற்றுக் குமிழி, வெண்கலம் ஊற்றும்போது தானாக விழுந்தது, ஆயிரத்தில் ஒன்றுக்கு இப்படி ஆகும் என்று இரண்டு பக்கம், படம் வரைந்து, கம்பீரமாக எழுதிப் போட்டேன். அவர்கள் ஒரு நிபுணரைப் பிடித்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அவர் எழுதியதன் நகலை நீ எனக்கு அனுப்பினாய், கூட ஒரு வரிகூட எழுதாமல். துளை நேராகவும் ஒரே சீராகவும் உள்ளது, சுவரில் பிட்டின் தடம் தெரிகிறது, விளிம்பு கையால் மழுங்க வைக்கப்பட்டுள்ளது, இது குமிழி அல்ல, மிகத் தேர்ந்த கையால் போடப்பட்ட துளை என்று எழுதியிருக்கிறார். குண்டூசி, முப்பத்தேழு வருடம் தொழிற்சாலையில் நின்றேன். போர்மேன் என்னை இரண்டு தடவை பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறான், அதில் ஒன்று என் மேல் இல்லை, என் குடை மேல். என்னைத் தேர்ந்த கை என்று ஒருவன் தாளில் எழுதியது இதுதான் முதல் தடவை. அந்தத் தாள்தான் குமிழிக் கதையை உடைத்து உன்னை இன்னும் ஆழத்தில் தள்ளியது. அதை மடித்துப் பிரித்து மடித்துப் பிரித்து மடிப்பில் கிழிந்துவிட்டது. கிழிந்த இடத்தில் டேப் ஒட்டியிருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதன்பிறகுதான் நீ போன் செய்தாய். திட்டுவாய் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். நீ திட்டவில்லை. "நான் வேண்டாம்னு சொன்ன ஒரே விஷயம் சித்தப்பா. ஏன்?" என்றாய். நான் தும்மல் கதையைச் சொன்னேன். ஸ்கூட்டர் சரிந்தது வரை வந்திருப்பேன், வைத்துவிட்டாய். சின்ன வயதில் உன் பல் விழுந்தபோது அதை எலி எடுத்துப்போய் அதற்குப் பல்செட் கட்டிக்கொண்டது என்று சொன்னேன், நம்பினாய். உன் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பாதபோது அதற்கும் ஒரு கதை வைத்திருந்தேன், அதை நீ நம்பவில்லை, ஆனாலும் கடைசி வரை கேட்டாய். ஒரு கதையை நடுவிலேயே நிறுத்தியது இதுதான் முதல் தடவை.

சரி. இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன், நோட்டரி முத்திரையோடு. அதில் கதை எதுவும் இல்லை, மூன்றே வரி. துளையை நான் போட்டேன். போட்ட பிறகு அதே வெண்கல நிறத்தில் மெழுகு பூசி மறைத்து, துளை இல்லை என்ற உறுதிமொழியில் தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். என் அண்ணன் மகள் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னாள், அவளுக்கு எதுவும் தெரியாது. கடிகாரக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், பிட் தன்னுடையது, வாங்கியது நான் என்று. நோட்டரி படித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பெரியவரே, லைசென்ஸ் இல்லாம சுடுற பீரங்கி செஞ்சேன்னு நீங்களே எழுதிக் கொடுக்கிறீங்க, இங்க ஒருத்தன் இதைப் படிச்சா லேத்தைத் தூக்கிட்டுப் போயிடுவான்" என்றார். தூக்குவதற்கு எட்டு யானை வேண்டும், முதலில் யானையைக் கொண்டுவரட்டும் என்றேன். பேச்சுக்குச் சொன்னேன், மெக்கானிக்கும் ஒரு சங்கிலியும் இருந்தால் ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். வந்தால் வரட்டும். உன் அம்மா துணி உலர்த்த இடம் கிடைக்கும். தாளை உறையில் போடுவதற்கு முன்பு அண்ணியின் மேஜையில் வைத்தேன். படித்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு மருந்துச் சீட்டு வந்தது, பதிவுத் தபாலில் அனுப்பவும் என்று. புள்ளி இல்லை.

நீ மன்னிக்க வேண்டும் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் நீ பதில் போட வேண்டியிருக்கும், உனக்கு இப்போது வேறு பதில்கள் எழுத வேண்டியிருக்கிறது. விசாரணைக்குப் போகும்போது வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு போகாதே. கேட்டதற்கு மட்டும் பதில் சொல், நம் வீட்டுப் பழக்கத்தை அங்கே காட்டாதே. அங்கே குளிர் என்றால் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொள். அம்மாவுக்குப் போன் செய், நான் எடுத்தால் ஒன்றும் பேச வேண்டாம், இருமினால் போதும், கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். உன் தலை நிமிர்ந்தே இருக்கட்டும், பிடித்த நாட்டில் பிடித்த வேலையில் உட்கார், நீ கையெழுத்துப் போடும் எந்தத் தாளிலும் இனி உன் சித்தப்பன் பெயர் வராமல் இருக்கட்டும். இது என் முழு ஆசீர்வாதம், இதற்குமேல் என்னிடம் கையிருப்பு இல்லை. மறந்துவிடாதே, தாள் இருபதாம் தேதிக்கு முன் அவர்கள் கையில் இருக்க வேண்டும், உறையைப் பிரித்ததும் முதலில் அதை எடு, இந்தக் கடிதத்தை அப்புறம் படி. இதை இவ்வளவு தாமதமாகச் சொல்வதற்கும் நான் ஒருவன்தான் இருக்க முடியும்.

இப்படிக்கு,
ஏழடிக்கு ஒன்பதடி சாம்ராஜ்யத்தின் அதிபதி,
உன் சித்தப்பன்.

விசாரணை அலுவலகம் துளையை யார் போட்டார்கள் என்றுதான் கேட்டது, அதற்கு மூன்று வரி போதும். நீதான் ஏன் என்று கேட்டாய். மேலே இருப்பதில் யானை, தும்மல், நடந்து வந்த சட்டி, நான்கு ஊதுகொம்பு, பெரிய மனிதரை நினைத்துத் தலைகால் புரியாமல் மகிழ்ந்தது, எதையும் நம்பாதே. செவ்வாய்க்கிழமை படிவம் வந்தது. மூன்றாம் பக்கத்தில் யாருக்கு என்ற இடத்தை நின்றுகொண்டே படித்தேன். புதன்கிழமை காலையில் நானே நடந்துபோய்க் கடிகாரக்காரரிடம் பிட்டை வாங்கி வந்தேன். வெண்ணெய் மாதிரியெல்லாம் போகவில்லை, அரை மில்லி இறக்கி, வெளியே எடுத்து, துடைத்து, எண்ணெய் விட்டு, மறுபடி அரை மில்லி என்று நான்கு மணி நேரம் ஆயிற்று. எந்த நிமிடமும் நிறுத்தியிருக்கலாம், கை நடுங்கவே இல்லை. இத்தனை பக்கத்தில் நிஜம் அந்த முக்கால் மில்லிமீட்டர்தான்.